மண்ணில் விளையாடும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்

(பண்ணை இல்ல ஒலிபரப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

வழக்கமாக இந்த நேரத்தில் நெல்லுக்கு மேலுரம் எப்போது போடுவது, கத்திரிக்காயில் புழு விழுந்தால் என்ன செய்வது என்றுதான் பேசுவார்கள். 1960களின் கடைசியில் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிகள் ரேடியோவில் கேட்டுக் கேட்டே ஆடுதுறை 27 நெல்லை நட்டார்கள். அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அப்படி விவசாயத்துக்குப் பயன்பட்ட பெட்டியில், இன்றைக்கு நான் வேறொரு பயிரைப் பற்றிப் பேசப்போகிறேன். எங்கள் படப்பை, மணிமங்கலம் பக்கத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று வருஷத்துக்கு மூன்று பட்டம் உண்டு. நான் சொல்லும் பயிருக்கு ஒரே பட்டம்தான். மூன்று வயதில் தொடங்கி ஐந்து, ஐந்தரையில் முடிந்துபோகும். உங்கள் வீட்டு வாசலில் ஓடிக்கொண்டிருக்கிற சின்னப் பிள்ளையைத்தான் சொல்கிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் பல வருஷம் கிராம சேவிகாவாக இருந்து ஓய்வு பெற்றவள். பால்வாடி டீச்சர்களுக்கெல்லாம், 'பிள்ளை கேள்வி கேட்டால் அதட்டாதீங்கம்மா' என்று எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன். ஊருக்கு உபதேசம் செய்தவள் வீட்டில் என்ன செய்தேன் பாருங்கள். அகரம்தென் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் இருக்கிறது. லீவுக்கு வந்திருந்த பேரனுக்கு அப்போது நாலு வயது. வாய்க்கால் ஓரத்தில் நான் காராமணி ஊன்றுவதைப் பார்த்துவிட்டு, அவனும் பத்து விதை கேட்டு வாங்கி ஊன்றினான். மறுநாள் விடிந்ததும் போய்த் தோண்டிப் பார்த்தான். 'ஆயா, இன்னும் வரல' என்றான். அடுத்த நாளும் தோண்டினான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. 'சும்மா சும்மா நோண்டினா செத்துப்போகும்டா' என்று கையில் ஒரு அடி வைத்தேன்.

அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. செல்போனைக் கையில் கொடுத்தால் மூலையில் உட்கார்ந்துகொண்டான். வீடு அமைதியாக இருக்கிறதே என்று எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். ஐந்தாம் நாள் காராமணி ரெண்டிலை விட்டிருந்தது. ஆசையாகக் கூப்பிட்டேன். 'அது உன் செடி ஆயா. எனக்கு வேணாம்' என்றான்.

அந்த வார்த்தை என்னை ரொம்ப நாள் குத்தியது. அவன் செய்ததில் என்ன தப்பு? மண்ணுக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டான். அதுதானே விஞ்ஞானம்? அரசாங்கம் இத்தனை ஆராய்ச்சிப் பண்ணை வைத்திருப்பதும் அப்படி நோண்டிப் பார்க்கத்தானே?

அப்புறம் புத்தி வந்து ஒரு காரியம் செய்தேன். நீங்களும் செய்யலாம், காசு செலவில்லை. வாய் அகலமான ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். நாலைந்து தாள் செய்தித்தாளைச் சுருட்டி, பாட்டிலின் உள்சுவரோடு ஒட்டுகிற மாதிரி நுழைத்துவிடுங்கள். தண்ணீர் விட்டு நனைத்து, அடியில் ஒரு விரல் தண்ணீர் நிற்கட்டும். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில், பாதி உயரத்தில், நாலைந்து மொச்சைக் கொட்டையையோ காராமணியையோ பிள்ளையின் கையாலேயே செருகச் சொல்லுங்கள். விதை தண்ணீரில் முங்கக் கூடாது, தாளின் ஈரம் மட்டும் போதும். இரண்டாம் நாள் விதை உப்பும். மூன்றாம் நாள் வாக்கில் தோல் பிளந்து வெள்ளையாக ஒரு வேர் வரும். வேர்தான் முதலில் வரும், இலை அப்புறம்தான். இது உங்களுக்குத் தெரிந்த சங்கதி, நெல்லை மூட்டம் போட்டு எடுக்கும்போது தினமும் பார்ப்பதுதான். பிள்ளைக்கு அது புதுசு. தோண்டாமலே பார்க்கலாம் என்பதால் விதைக்கும் சேதமில்லை, உங்கள் கைக்கும் வேலையில்லை.

வேர் ஒரு அங்குலம் வந்த பிறகு, பாட்டிலைப் படுக்க வைத்துவிடுங்கள். 'இப்போ வேர் எந்தப் பக்கம் போகும்?' என்று பிள்ளையைக் கேளுங்கள். நீங்களாகப் பதில் சொல்லாதீர்கள், அதுதான் முக்கியம். மறுநாள் பார்த்தால், படுத்துக்கிடந்த வேர் வளைந்து மறுபடி கீழ்ப்பக்கம் திரும்பியிருக்கும், தண்டு மேல்பக்கம் திரும்பியிருக்கும். என் பேரன் பாட்டிலை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று நாலு தடவை புரட்டி வைத்தான். வேர் பாம்பு மாதிரி நெளிந்துபோயிற்று. 'அதுக்குக் கண்ணு இருக்கா ஆயா?' என்று கேட்டான். நான், 'நீ என்னடா நினைக்கிறே?' என்றேன். 'இல்ல. அதுக்குக் கீழே எதுன்னு தெரியுது' என்றான். எந்தப் பள்ளிக்கூடமும் அவனுக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

இந்த இடத்தில் சிலபேர், 'இதெல்லாம் விளையாட்டு, படிப்பு ஆகுமா?' என்று கேட்பீர்கள். நம் பக்கத்தில் இப்போது மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூட ஷூ மாட்டி, டை கட்டி, வேனில் ஏற்றி அனுப்புகிறோம். சாயங்காலம் வந்ததும் ரூல்டு நோட்டில் ஏபிசிடி ஐந்து பக்கம் எழுத வேண்டுமாம். விரல் எலும்பே இன்னும் முற்றவில்லை, பிள்ளை பென்சிலை நசுக்கிப் பிடித்துக்கொண்டு அழுகிறது. நகையை வைத்துப் பணம் கட்டியாகிவிட்டதே என்று அம்மாவும் அழுகிறாள். எழுத்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வரவேண்டிய நேரத்தில் வரட்டும். முதலில் கை ஒன்றைத் தொட வேண்டும், கண் பார்க்க வேண்டும், வாய் கேட்க வேண்டும். பெயரும் எழுத்தும் அதன் பின்னால் வந்தால் ஒட்டிக்கொள்ளும்.

இது நான் கண்டுபிடித்த சங்கதி இல்லை. இத்தாலி தேசத்து டாக்டரம்மா மரியா மாண்டிசோரி, 1939 நவம்பரில் நம் அடையாறுக்கு வந்தார். பிரம்மஞான சபைக்காரர்கள் அழைத்து வந்தார்கள். அப்போது அந்த அம்மாவுக்கு 69 வயது. மரங்கள் அடர்ந்த அந்தத் தோப்பில் சுமார் முந்நூறு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அடுத்த வருஷமே இத்தாலி யுத்தத்தில் இறங்கியது. அந்த அம்மா எதிரி நாட்டுக்காரர் என்று ஆகிவிட்டதால் வெள்ளைக்காரச் சர்க்கார் ஊருக்குத் திரும்ப விடவில்லை. 1946 வரைக்கும் இந்தியாவிலேயே இருந்தார். நடுவில் கோடைக்கானலில் தங்கி, பிள்ளைகளோடு செடி கொடி, பூச்சி புழு என்று பார்த்து, இயற்கையை வைத்தே பாடம் சொல்லும் முறையை வளர்த்தார். அந்த அம்மா சொன்னதைச் சுருக்கிச் சொன்னால், சின்னப் பிள்ளைக்குக் கைதான் ஆசிரியர். பெரியவர்கள் வேலை, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது.

ஆனால் மாண்டிசோரி பள்ளிக்கூடம் என்றால் இன்றைக்குப் பட்டணத்துப் பணக்காரச் சமாசாரமாக ஆகிவிட்டது. அதை ஏழை விவசாயியின் வாசலுக்குக் கொண்டுவந்தவர் தாராபாய் மோடக். மராட்டியக் கடற்கரைப் பக்கம் போர்டி என்ற ஊரில் 1945இல் தொடங்கினார். அனுதாய் வாக் என்ற அம்மாள் அவருக்குத் துணை. பள்ளிக்கு வராத பழங்குடிப் பிள்ளைகளின் குடிசை முற்றத்துக்கே இவர்கள் போனார்கள். முற்றத்துக்கு அங்கே 'அங்கண்' என்று பெயர். அங்கன்வாடி என்ற பேர் அப்படி வந்ததுதான். மாடு மேய்க்கப் போகிற பிள்ளை பள்ளிக்கு வர முடியாது என்றால், மேய்ச்சல் தரைக்கே டீச்சர் போவார். கிடைத்த கல், இலை, விதை, கூழாங்கல்தான் பாடப் பொருள். பால்வாடி என்பதும் வடக்கே இருந்து வந்த சொல்தான். நம் ஜனங்கள் பால் கொடுப்பதால் பால்வாடி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 'பால்' என்றால் அங்கே பிள்ளை என்று அர்த்தம். தப்பாகப் புரிந்துகொண்டாலும் நல்லதாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறோம்.

நாடு பூராவும் இது ஒரு திட்டமாக வருவதற்கு, 1972இல் மீனா சுவாமிநாதன் அம்மா தலைமையில் ஒரு குழு கொடுத்த அறிக்கை பெரிய காரணம். 1975 அக்டோபர் 2ஆம் தேதி, 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. நம் மாநிலத்தில் 1982 ஜூலை 1ஆம் தேதி சத்துணவு வந்தபோது, கிராமத்தில் இரண்டு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தட்டு வைத்தார்கள். வயிற்றுக்கு வழி பிறந்தது. இப்போது அங்கன்வாடிகளில் ஆடல், பாடல், விளையாட்டு வைத்தே சொல்லித்தர 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டமே இருக்கிறது. டீச்சருக்குத் திட்டம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், பல இடங்களில் இல்லாதது மண்ணும் செடியும்தான். அது உங்களிடம் இருக்கிறது. அதனால்தான் உங்களிடம் பேசுகிறேன்.

சரி, மறுபடி வாசலுக்கு வருவோம்.

விதை நெல்லை உப்புத் தண்ணீரில் போட்டுப் பதர் நீக்குவது உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை அந்த வேலையைப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். வாளியில் நல்ல தண்ணீர் எடுத்து, ஒரு புது முட்டையைப் பிள்ளை கையில் கொடுத்து மெதுவாக விடச் சொல்லுங்கள். முட்டை அடியில் போய் உட்காரும். முட்டையை வெளியே எடுத்துவிட்டு, பிள்ளையே ஒவ்வொரு கையாக உப்புப் போட்டுக் கலக்கட்டும். மறுபடி முட்டையை விடட்டும். கொஞ்சம் கொஞ்சமாக முட்டை மேலே எழும்பி, நாலணாக் காசு அகலத்துக்குத் தலை வெளியே தெரிகிறபோது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். ஆடு குட்டி போட்டதைப் பார்த்த மாதிரி இருக்கும். அந்தத் தண்ணீரில் விதையைப் போட்டால் பதரும் அரைகுறை மணியும் மிதக்கும். அதை அரித்து எடுக்கும் வேலையும் பிள்ளைக்கே. கனத்த மணி அடியில் நிற்கும். அதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிட மறக்காதீர்கள், உப்பு நின்றால் முளைப்புக் கெடும். கனம், லேசு, மிதப்பது, முங்குவது என்று இதில் எத்தனை பாடம்! உங்கள் வேலையும் முடிந்தது. ஒன்று மட்டும் ஜாக்கிரதை. மருந்து கலந்த விதையை இதற்கு எடுக்கக் கூடாது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தண்ணீரைப் பற்றி ஒரு வேடிக்கை. சுவிட்சர்லாந்து தேசத்தில் ழான் பியாஜே என்ற அறிஞர் இருந்தார். பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆயுள் முழுக்கப் பார்த்தவர். அவர் செய்த சோதனையை உங்கள் அடுப்படியிலேயே செய்யலாம். ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சம அளவு தண்ணீர் வையுங்கள். 'ரெண்டும் ஒண்ணா?' என்றால் பிள்ளை, 'ஒண்ணுதான்' என்னும். அதன் கண் முன்னாலேயே ஒரு டம்ளர் தண்ணீரை அகலமான கிண்ணத்தில் ஊற்றுங்கள். 'இப்போ எதுல நெறைய இருக்கு?' என்று கேளுங்கள். நாலு வயதுப் பிள்ளை பெரும்பாலும் டம்ளரைத்தான் காட்டும், அதில்தானே உயரமாக நிற்கிறது. பிள்ளை மக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு, ஏழு வயது வரைக்கும் எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக அப்படித்தான் தோன்றும். சொல்லிப் புரியவைக்க முடியாது. ஊற்றி ஊற்றி, அளந்து அளந்து பார்த்து, ஒரு நாள் தானாக விளங்கும். அதனால் கொட்டாங்கச்சி, படி, உழக்கு, சொம்பு எல்லாவற்றையும் கொடுத்து ஊற்றி விளையாட விடுங்கள். வெயில் காலத்தில் தண்ணீர் வீணாகிறதே என்பீர்கள். வாழை மரத்தடியில் விளையாடச் சொல்லுங்கள்.

அதைவிட நல்ல விளையாட்டு, ஏரி கட்டுவது. மழை விட்ட மறுநாள் வாசல் மண் பதமாக இருக்கும். ஒரு பக்கம் மேடு குவித்து, அதிலிருந்து சின்ன வாய்க்கால் கீறி, கீழே ஒரு குழி தோண்டி, கரை கட்டி, கலங்கலும் வைத்துக் கொடுங்கள். பிள்ளை மேட்டில் சொம்புத் தண்ணீரை ஊற்றும். மடையைத் திறக்கும், அடைக்கும், கரை உடைந்தால் கத்தும். நடுவில் ஒரு செங்கல்லை வைத்து, 'இதுதான் வீடு' என்று சொல்லுங்கள். அடுத்த சொம்பு எங்கே போகிறது என்று பிள்ளையே சொல்லிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாடியில் ஏறி நின்ற ஜனங்களைப் படகில் போய் ஏற்றி வந்தார்கள். மேட்டில் விழுந்த தண்ணீர் பள்ளத்துக்குத்தான் வரும் என்பது பிளாட் போட்டவர்களுக்கும் அன்றைக்கு ஞாபகம் வரவில்லை, வாங்கியவர்களுக்கும் வரவில்லை. உண்மையைச் சொன்னால், விற்ற நமக்கும் வரவில்லை.

பூச்சிகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்த நேரம் போதாது. ஒன்றே ஒன்று சொல்கிறேன். கூரை ஓரம், மழை படாத புழுதியில் புனல் மாதிரி சின்னச் சின்னக் குழி இருக்கும். அதற்குள் குழியானை உட்கார்ந்திருக்கும். எறும்பு விளிம்பில் கால் வைத்தால் மணல் சரியும். ஏறப் பார்க்கிற எறும்பின் மேல் குழியானை மண்ணை வாரி அடிக்கும். ஒரு ஈர்க்குச்சியால் விளிம்பை லேசாகச் சுரண்டச் சொல்லுங்கள், உள்ளே இருப்பது ஏமாந்து மண்ணை வீசும். வெளியே எடுத்துக் காகிதத்தில் விட்டால் பின்பக்கமாகவே நடக்கும். அது வளர்ந்தால் தட்டான் மாதிரி இறக்கை உள்ள பூச்சியாக ஆகும் என்று சொன்னால் பெரியவர்களே நம்ப மாட்டேன் என்கிறார்கள். பார்த்து முடித்ததும் இருந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்துவைத்துச் சாகடித்த பாவம் நம் தலைமுறையோடு போகட்டும்.

அதே போல, ஓடை ஓரத்தில் நீலப்பூப் பூக்கிற பட்டாசுக்காய்ச் செடி இருக்கும். அதன் காய்ந்த காயைத் தண்ணீரில் போட்டால் சற்று நேரத்தில் பட்டென்று வெடித்து விதை சிதறும். நாமெல்லாம் அதை வைத்து விளையாடியவர்கள்தான். மழை வந்தால் விதை தூரப்போக அந்தச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள், கண்ணில் தெறிக்கும். நுங்குக் காலத்தில் இரண்டு குரும்பையும் ஒரு குச்சியும் சேர்த்து வண்டி செய்து கொடுத்தால், சக்கரமும் அச்சும் என்ன என்று பிள்ளைக்குத் தெரிந்துபோகும். பொம்மைக் கடைக்குப் போகவே வேண்டாம்.

தாய்மார்கள் காலையில் போடும் கோலத்தையும் விட்டுவிடக் கூடாது. தாம்பரத்தில் கிறிஸ்துவக் கல்லூரி இருக்கிறதே, 1937இல் பட்டணத்திலிருந்து அந்தப் புதர்க்காட்டுக்கு வந்த கல்லூரி, அங்கே கிஃப்ட் சிரோமணி என்று ஒரு புள்ளியியல் பேராசிரியர் இருந்தார். அவரும் ராணி சிரோமணி அம்மையாரும் கமலா கிருத்திவாசன் அம்மையாரும் சேர்ந்து 1974இல் கோலத்தைப் பற்றிக் கணித ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி வெளிநாட்டுப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். நம் வீட்டுப் பெண்கள் மனப்பாடமாகப் போடுகிற கோலத்துக்குள்ளே இலக்கணம் மாதிரி விதி இருக்கிறது, அதை வைத்துக் கம்ப்யூட்டரைக்கூடப் படம் போட வைக்கலாம் என்று காட்டினார்கள். பிள்ளைக்கு அவ்வளவு தெரிய வேண்டாம். நாலு புள்ளி, மூணு புள்ளி, ரெண்டு புள்ளி என்று மாவைக் கிள்ளி வைக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கையும் வரும், விரலுக்குப் பலமும் வரும், பின்னால் பென்சில் பிடிக்க அதுவே பயிற்சி. ஆனால் அரிசி மாவாக இருக்கட்டும். கல் மாவில் எறும்பு வராது. எறும்பு எந்தப் புள்ளியை முதலில் எடுத்தது, எங்கே கொண்டுபோனது என்று பிள்ளை அரை மணி நேரம் குந்திப் பார்க்கும். அந்த அரை மணியில் உங்களுக்குச் சட்டினி அரைத்து முடிந்துவிடும்.

வாசலில் ஒரு குச்சியை நட்டு, காலையில், நடுப்பகலில், சாயங்காலத்தில் நிழல் நுனியில் ஒரு கல் வைக்கச் சொல்வதும் நல்லது. நம் சென்னைப் பக்கத்தில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும், பகல் பன்னிரண்டு மணி தாண்டிச் சில நிமிஷத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அப்போது செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே இராது. 'நிழலை யார் எடுத்துட்டுப் போனாங்க?' என்று பிள்ளை கேட்கும்.

இனிமேல் சொல்வதைத் தயவு செய்து கவனமாகக் கேளுங்கள். பிள்ளையை மண்ணில் விடு, தண்ணீரில் விடு என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட முடியாது.

முதலாவது, மருந்து கலந்த விதை. பூசண மருந்து கலந்த விதைக்குச் சிவப்போ ரோஸோ சாயம் ஏற்றியிருப்பார்கள். பிள்ளை கண்ணுக்கு அது மிட்டாய். பாட்டிலில் முளைக்கவைக்கக் கடையில் வாங்கிய விதைப் பொட்டலத்தை எடுக்காதீர்கள், சமையலுக்கு வாங்கிய பயறு போதும். பூச்சி மருந்தை ஒருக்காலும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். மருந்து டப்பா காலியானாலும் அதைக் கழுவித் தண்ணீர் மொள்ளவோ பிள்ளை விளையாடவோ தராதீர்கள். தப்பித் தவறி வாயில் பட்டுவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். 108க்குச் சொல்லி, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான வைத்தியம் செய்ய முடியும்.

இரண்டாவது, எண்ணி விளையாட என்று குன்றிமணியையோ ஆமணக்கு விதையையோ கொடுக்காதீர்கள். பார்க்க அழகு, மென்றால் உயிருக்கே ஆபத்து. அரளி, ஊமத்தை, காட்டாமணக்குக் காயும் அப்படியே. எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது. புளியங்கொட்டை எண்ணுவதற்கு நல்லது, அதுவும் மூன்று வயது தாண்டிய பிள்ளைக்கு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். பயறு மூக்கில் போய்விட்டால் உள்ளேயே ஈரத்தில் ஊறி உப்பிக்கொள்ளும். ஊக்கு, ஈர்க்குச்சி கொண்டு நோண்டாமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

மூன்றாவது தண்ணீர். கிணற்றுக்குக் கம்பி வலையும், தொட்டிக்கு மூடியும் கட்டாயம். தவழ்கிற பிள்ளைக்கு அரை வாளித் தண்ணீர்கூட ஆபத்துதான். விளையாட்டு முடிந்ததும் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுங்கள், கொசுவும் முட்டை வைக்காது.

பாம்பைப் பார்த்தால் ஓடு என்று சொல்வதைவிட, நின்று பின்னால் வா, ஆயாவைக் கூப்பிடு என்று பழக்குங்கள். விறகு, ஓலை, கல் குவியலில் கை விடக் கூடாது என்றும் பழக்குங்கள். ராமுலஸ் விட்டேக்கர் தன் பாம்புப் பண்ணையை முதலில் தொடங்கியது நம் சேலையூரில்தான், 1972இல்தான் அது கிண்டிக்குப் போயிற்று. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலும்தான் நம் பக்கம் பெரும்பாலும் ஆளைச் சாய்ப்பவை. எது கடித்தாலும் மந்திரம், கட்டு, கீறல் எதுவும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான். கொல்லைப் பக்கம் போகும்போது செருப்பு, திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவல், வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடியில் கொடுக்கும் பூச்சி மாத்திரை, இவை மூன்றும் இருந்தால் மண் ஒன்றும் செய்யாது.

போன மாதம் சேலையூர்ப் பக்கம் ஒரு அங்கன்வாடிக்குப் போயிருந்தேன். சுற்றிலும் நாலு மாடிக் கட்டடம். பிள்ளைகளிடம், 'அரிசி எங்கேருந்து வருது?' என்று கேட்டேன். 'ரேஷன் கடைலேருந்து' என்றார்கள். ஒரு பெண் குழந்தை மட்டும், 'மூட்டையிலேருந்து' என்றாள். சிரிப்பாகத்தான் இருந்தது. அந்தக் கட்டடம் நிற்கிற இடத்தில் அவள் தாத்தா காலத்தில் நவரை அறுத்திருப்பார்கள். 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டது. விட்ட நிலத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது. ஆனால் அந்த அங்கன்வாடியிலிருந்து ஏழெட்டு மைல் போனால் இன்னும் நாற்றங்கால் இருக்கிறது.

அதனால் அகரம்தென், மப்பேடு, மணிமங்கலம், படப்பைப் பக்கத்து விவசாயிகளிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்து நீங்கள் நாற்று விடும்போது, இரண்டு நாள் முன்னால் பக்கத்து அங்கன்வாடி டீச்சருக்குச் சொல்லி அனுப்புங்கள். காலை ஒன்பது மணிக்குள் வரச் சொல்லுங்கள், வெயில் ஏறினால் சின்னதுகள் சோர்ந்துவிடும். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம், கூட இரண்டு மூன்று தாய்மார் வரட்டும். மருந்தடித்து ஒரு வாரம் ஆகாத வயலில் இறக்காதீர்கள். வரப்பு அகலமாக இருக்கிற பக்கமாக நடத்துங்கள். மூட்டம் பிரித்த விதையை ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு பிடி கொடுங்கள். உள்ளங்கையில் அந்தச் சூடு தெரியட்டும், வெள்ளை முளை குத்தட்டும். ஓரமாக ஒரு முழம் சேற்றை ஒதுக்கி, அதில் அவர்களாகவே தூவட்டும். கோணல் மாணலாகத்தான் விழும், சரி செய்யாதீர்கள். பத்து நாள் கழித்து மறுபடி கூட்டிவரச் சொல்லுங்கள். குடிக்கக் காய்ச்சிய தண்ணீரும், கால் கழுவ இரண்டு குடம் தண்ணீரும் தயாராக வைத்திருங்கள்.